எண் இல்லாதவள்

முப்பது என்று எழுதிய பலகை போய்விட்டது. போய்விட்டது என்றால் நாங்கள்தான் அதைத் தாண்டி வந்தோம், பலகை அக்கரை சிக்னல் பக்கத்தில் ஒரு மீன்கடை வாசலில் அங்கேயேதான் நிற்கிறது, ஆனால் முப்பது கிலோமீட்டர் ஓடிய கால்களுக்கு எது நகர்கிறது எது நிற்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. இன்னும் பன்னிரண்டு. பன்னிரண்டும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தை யாரும் சொல்வதில்லை, முழு மாரத்தான் நாற்பத்திரண்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், அதற்கு மேல் இருநூறு மீட்டர் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. எனக்கு அரையடி முன்னால் பியூலா ஓடுகிறாள். பார்ப்பவர்களுக்கு அது பஸ்ஸைப் பிடிக்கப் போகிற அவசர நடை மாதிரிதான் தெரியும். ஐம்பத்துநாலு வயசுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் இதுதான் ஓட்டம். நாலு நிமிஷம் ஓடுவது, ஒரு நிமிஷம் நடப்பது, அவள் கடிகாரம் கீச்சென்று கத்தும்போது மாற்றிக்கொள்வது, அதிகாலை நாலு மணியிலிருந்து இப்படித்தான். இப்போது எட்டு ஐம்பது. பதினொரு மணிக்குள் கோவளத்து மைதானத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டவேண்டும், பதினொன்றைத் தாண்டினால் கணக்கில் வராது. அவளுக்குத்தான் கணக்கு. அவள் நெஞ்சில்தான் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு என்று ஊக்கு குத்தி இருக்கிறது. என் நெஞ்சில் ஒன்றுமில்லை, யாழினியின் பழைய மஞ்சள் பனியன், வியர்வை காய்ந்து உப்பு வரிவரியாக நிற்கிறது, அவ்வளவுதான்.

ஏன் பெயர் பதியவில்லை என்று யாழினி கேட்டாள். மகள்தானே, கேட்கத்தான் செய்வாள். பதிவு முடிந்துபோச்சு என்றேன். அது பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. மூன்று மாசமாகத் தினமும் காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் பியூலாவோடு ஓடினேன், துணைக்கு, துணைக்கு மட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன், அதில் பெரும்பாலான நாள் பதிவு திறந்துதான் இருந்தது. பதிந்துவிட்டால் முடிக்கவேண்டும். பதியாவிட்டால் எந்த இடத்திலும் நின்றுவிடலாம், ஒரு ஆட்டோவைக் கைகாட்டி ஏறிவிடலாம், யாருக்கும் தெரியாது. அதுதான் காரணம். அதை யாழினியிடம் எப்படிச் சொல்வது? போன வாரம்தான் பியூலா சொன்னாள், "முப்பதுக்கு மேல எனக்கு பயமா இருக்கு மங்கை, தனியா இருந்தா உக்காந்துடுவேன்"னு. நான் வரேன் என்றேன். வாய் சொல்லிவிட்டது. அப்புறம் நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பதியாதவள் பதிந்தவர்களின் தண்ணீரைக் குடிக்கக்கூடாது. வாழைப்பழம் எடுக்கக்கூடாது. நடுச்சாலையில் ஓடக்கூடாது, ஓரமாக ஓடவேண்டும், யார் காலிலும் இடறக்கூடாது. இடுப்புப் பையில் இரண்டு பாட்டில், உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர், ஒரு பொட்டலம் குளுக்கோஸ் பிஸ்கட். ஒரு பாட்டில் திருவான்மியூரிலேயே தீர்ந்துவிட்டது. சட்டம் போடுவது சுலபம். தொண்டை சட்டத்தைக் கேட்பதில்லை.

கீச். நடை. ஈஞ்சம்பாக்கத்தில் ஓரமாக நின்று கைதட்டியவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், இங்கே கை தட்ட ஆளில்லை, பூச்செடி விற்கிறவர்கள் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள், குழாயிலிருந்து தண்ணீர் செம்மண்ணில் விழுகிற வாசனை, அதைப் பார்க்காதே மங்கை, பியூலாவின் முதுகைப் பார். நீலப் பனியனின் முதுகில் நோயாளிகளுடன் இருப்போர் இல்லம் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரை வைப்பதற்கு எவ்வளவு சண்டை போட்டோம். நானும் அவளும் ராயப்பேட்டையில் ஒரு பாடப்புத்தக அச்சகத்தில் இருபத்தாறு வருஷம் பிழை திருத்தினோம், அவள் மூலத்தை உரக்க வாசிப்பாள், நான் அச்சடித்த தாளைப் பார்த்துக்கொண்டே வருவேன். கமாவையும் வாசிப்பாள். மழை கமா வெயில் கமா காற்று ஆகியன முற்றுப்புள்ளி. ஒற்று மிகுமா மிகாதா என்று சாப்பாட்டு வேளையிலும் சண்டை. இப்போதும் அவள் மூச்சு அப்படித்தான் கேட்கிறது, இரண்டு அடிக்கு ஒரு கமா, ஏழெட்டு அடிக்கு ஒரு முற்றுப்புள்ளி. நான் பார்த்துக்கொண்டே வருகிறேன். எங்கேயாவது பிழை வந்தால் பிடித்துவிடுவேன். முப்பத்திரண்டாவதில் முற்றுப்புள்ளிகள் அடிக்கடி வந்தன, சொன்னேன், "மெதுவா வாசிடீ." அவளுக்குப் புரிந்தது. சிரித்தாள். சிரித்தால் மூச்சு வாங்கும் என்று தெரிந்தே சிரித்தாள்.

உத்தண்டி சுங்கச்சாவடி வந்துவிட்டது, கார்கள் ஒரு பக்கம் வரிசையில், நாங்கள் ஒரு பக்கம் இரும்புத் தடுப்புக்குள், ஒரு காரின் பின் சீட்டிலிருந்து ஒரு அம்மாள் கண்ணாடியை இறக்கி என்னையே பார்க்கிறாள், எண் இல்லை என்று பார்க்கிறாளா, இந்த வயசில் இது தேவையா என்று பார்க்கிறாளா, பார்க்கட்டும். சாம்ராஜ் இருந்திருந்தால் இதற்கு ஒரு கிண்டல் வைத்திருப்பார். பியூலாவின் வீட்டுக்காரர். வயிற்றில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் நாலு மாசம். வார்டுக்குள் இருந்தது அவர், வராந்தாவில் இருந்தது இவள். ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் கூடை. காலை அஞ்சு மணிக்குத் தரை கழுவ வருவார்கள், எழுந்திரு எழுந்திரு என்று தட்டுவார்கள், பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படியில் நிற்கவேண்டும். அவளோடு அந்த வராந்தாவில் நூறு பேர், விழுப்புரத்திலிருந்து, செய்யாறிலிருந்து, ராஜமுந்திரியிலிருந்துகூட. குளிக்க இடமில்லை. மாற்றுத்துணி காய வைக்க இடமில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கட்டில் இருக்கிறது, கூட இருக்கிறவருக்கு ஒன்றுமில்லை. அவர் போனபிறகு ஆறு மாசம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, "அவங்க படுக்க ஒரு வீடு வேணும் மங்கை" என்றாள். வருஷக்கணக்கில் தேடி இப்போது வீடு கிடைத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்திலேயே, பழைய ரெண்டு மாடி. கட்டிலும் குளியலறையும் வேண்டும். அதற்குத்தான் ஓடுகிறாள். முடித்தால் கட்டில் தருகிறோம் என்று ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஓடினால் என்று சொல்லவில்லை. முடித்தால்.

அவர் படுத்திருந்தபோது நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதன்கிழமைகளில் போனேன். தூக்குவாளியில் ரசம் சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. நாலு புதன் போனேன், ஐந்து புதன்கூட இருக்கலாம், அப்புறம் போகவில்லை. யாழினிக்குப் பரீட்சை என்றேன். பரீட்சை இருந்தது. பரீட்சை முடிந்தும் போகவில்லை. அந்த வாசனை. டெட்டாலும் பழைய சோறும் ஈரப் பாயும் கலந்த அந்த வாசனை மாடிப்படியிலேயே வந்து என்னைப் பிடித்துக்கொள்ளும், ஐந்தாவது புதன் மூன்றாவது படியிலிருந்து திரும்பிவிட்டேன், தூக்குவாளியோடு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து நானே அந்தச் சாதத்தைச் சாப்பிட்டேன். ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. இழவு வீட்டில் கேட்கவில்லை, அதற்கப்புறம் கேட்கவில்லை, மூன்று மாசம் தினமும் பக்கத்தில் ஓடினாள், செருப்பு, முட்டிவலி ஊசி, கடற்கரை நாய் எல்லாவற்றையும் பற்றிப் பேசினாள், இதைக் கேட்கவில்லை. ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லி முடித்திருக்கலாம். மூன்றாவது படி. சிமெண்டில் ஓரம் உடைந்த படி. முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓடி வந்தாலும் மனசு அந்தப் படியில்தான் போய் நிற்கிறது.

கானத்தூர். முப்பத்தாறு. இரண்டாவது பாட்டிலும் காலி, கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு மூடியில் நின்றுகொண்டு விழமாட்டேன் என்றது. இடது கெண்டைக்கால் தனியாகத் துடிக்கிறது, எனக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒரு பிராணி உள்ளே திரும்பிப் படுப்பது மாதிரி. தண்ணீர் மேசை வந்தது. சாலையைக் கடந்து எதிர் ஓரத்துக்குப் போய்விட்டேன். பியூலா இரண்டு கையிலும் இரண்டு தம்ளரோடு சாலையைக் கடந்து வந்தாள். "குடி." "வேணாம்டீ, அது உங்களுக்கு." "ரெண்டும் எனக்குத்தான்னு சொல்லித்தான் வாங்குனேன். இப்ப என்னுது. என்னுதுலேர்ந்து உனக்குத் தரேன். குடிடீ, லூசு." குடித்தேன். தண்ணீருக்கு இவ்வளவு ருசி உண்டா? பல்லிடுக்கில், நாக்கின் அடியில், காதுக்குப் பின்னால்கூட அந்தக் குளுமை ஓடியது. அந்தக் குளுமையில் வாய் திறந்துகொண்டது. "நான் ஆஸ்பத்திரிக்கு வராம நின்னுட்டேன் பியூலா." கடிகாரம் கத்தியது, ஓட ஆரம்பித்தோம். "பரீட்சைனு சொன்னது சும்மா. மூணாவது படி வரைக்கும் வந்தேன். என்னால முடியல. அப்புறம் உன்னப் பாக்க வெக்கமா இருந்துச்சு." பத்தடி. இருபதடி. இரண்டு கமா, ஒரு முற்றுப்புள்ளி. அப்புறம் அவள் திரும்பாமலே சொன்னாள், "முப்பத்தாறாவது கிலோமீட்டர்ல, இப்ப அதுக்கா மூச்ச செலவு பண்றே?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையாகத்தான் கிளம்பியது, பாதி வழியில் சிரிப்பாக மாறிவிட்டது. அவளும் சிரித்தாள். கொஞ்ச தூரம் போய், "கோவம் இருந்துச்சுடீ. இல்லேனு சொல்ல மாட்டேன். ரசம் சாதத்துக்காகத்தான் ரொம்பக் கோவம், அங்க கிடைச்ச சாப்பாடு அப்படி" என்றாள். அப்புறம், "இப்ப இல்ல" என்றாள். அவ்வளவுதான். இத்தனை வருஷமாக நான் அடைகாத்த விஷயம் அரை கிலோமீட்டரில் முடிந்துவிட்டது.

முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது உள்ளே இருந்த பிராணி எழுந்துகொண்டது. கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கத்தினேனா தெரியவில்லை, கீழே உப்பங்கழியில் படகில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பியூலா முட்டிபோட்டு என் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி வளைத்தாள். அவள் முட்டி எனக்குத் தெரியும், அது ஒரு தடவை மடங்கினால் நிமிர எவ்வளவு நேரமாகும் என்று தெரியும். வெயில் தார்ச்சாலையிலிருந்து முகத்துக்கு ஏறுகிறது. மணி பத்து இருபத்தைந்து. அவள் தேய்க்கிறாள். பத்து இருபத்தாறு. முடித்தால் கட்டில். ஓடினால் என்று சொல்லவில்லை. துணைக்கு வந்தவளால் அவள் முடிக்காமல் போனால்? அந்த நூறு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படியில் நிற்பதை நான் பார்த்தேன், வெயிலில் கண் கூசும்போது நன்றாகவே பார்த்தேன். "நீ போ." "சும்மா இரு. ரெண்டு நிமிஷம்." "பியூலா, மூணு கிலோமீட்டருக்கு மேல இருக்கு. போ." "உன்ன விட்டுட்டு எப்படிடீ போறது?" "எனக்கு நம்பரே இல்ல. நான் இங்க இல்லவே இல்ல. போடீ." அவள் என்னைப் பார்த்தாள். வாசிக்கும்போது ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தால் பார்ப்பாளே, அப்படி. "வருவியா?" என்றாள். "வரேன்." "ஆட்டோல இல்ல." "ஆட்டோல இல்ல." சுவரைப் பிடித்து எழுந்தாள், முட்டி நிமிர ஒரு நிமிஷம் ஆனது, அப்புறம் ஓடினாள். கடிகாரம் நடக்கச் சொல்லிக் கத்தியது எனக்குக் கேட்டது. அவள் நடக்கவில்லை.

நீலப் பனியன் சின்னதாகி, பாலம் இறங்குகிற இடத்தில் காணாமல் போய்விட்டது. நான் காலை உதைத்துப் பார்த்தேன், நொண்டி நாலடி, ஓடி நாலடி. இனிமேல் நான் ஓடுவது யாருக்கு? துணைக்கு வந்தேன், துணை போய்விட்டாள். எண் இல்லை, நேரம் இல்லை, கம்பெனிக்காரர்கள் என்னைக் கேட்கவில்லை. ஒரு ஷேர் ஆட்டோ பக்கத்தில் வந்து மெதுவாகி, "கோவளம், கோவளம்" என்றது, உள்ளே ஒரு இடம் காலியாக இருந்தது, ஜன்னலோர இடம், நிழல். இல்லை என்று தலையாட்டினேன். ஆட்டோக்காரர், "ரேஸ் முடியப்போவுதும்மா" என்றார், அக்கறையாகத்தான் சொன்னார். "பரவால்லைங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. பரவாயில்லை. உண்மையிலேயே பரவாயில்லை. இடது பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் கடல் இருக்கிறது, தெரியவில்லை, ஆனால் காற்று வருகிறது. கால் வலிக்கிறது. உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து சாக்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மார்புக்குள் பயம் இருக்குமோ என்று தேடிப் பார்த்தேன், அது வழக்கமாக இருக்கிற இடத்தில் இல்லை. மனசு மூன்றாவது படிக்குப் போகப் பார்த்தது, போனது, அங்கே யாரும் இல்லை, திரும்பி வந்துவிட்டது. என் மூச்சை நானே வாசித்துக்கொண்டேன். கமா. கமா. ஐம்பத்துநாலு வயசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் தனியாக ஒரு சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பசிக்கிறது, எனக்கு நன்றாக இருக்கிறது. இந்த இரண்டையும் எத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி கேட்க ஆரம்பித்தது. காற்று திரும்பும்போது பாட்டு, திரும்பாதபோது ஒன்றுமில்லை. மணி என்ன என்று தெரியவில்லை, கடிகாரம் அவளோடு போய்விட்டது. பதினொன்று ஆகிவிட்டதா? எதிரில் வந்த தண்ணீர் லாரிக்காரரிடம் கையைக் காட்டி, "மணி என்னங்க?" என்று கத்தினேன், அவர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். ஓடினேன். பாட்டு நின்றது. ஒரு பெண்குரல் ஏதோ ஒரு எண்ணைச் சொன்னது. நாலாயிரத்து என்று கேட்டது, மிச்சத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது. யாராகவும் இருக்கலாம். நாலாயிரத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அப்புறம் அந்தக் குரல், "பேயுலா சாம்ராஜ்" என்றது. பேயுலா! பிழை. பெரும் பிழை. இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு அழகான பிழையை நான் பார்த்ததில்லை. "கடைசி மூன்று நிமிடங்கள்" என்றும் அந்தக் குரல் சொன்னது. சாலையில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன், ஒரு இளநீர்க் கடைக்காரர் அரிவாளோடு திரும்பிப் பார்த்தார். "முடிச்சிட்டா!" என்று அவரிடம் சொன்னேன். "சந்தோசம்மா" என்றார், யார் எதை முடித்தார்கள் என்று கேட்காமலே.

மைதானத்து வாசலில் கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு காவலாளி, என் வயசுதான் இருக்கும், நரைத்த மீசை, காக்கிச் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறம். "நம்பர் இருக்கிறவங்க மட்டும்தாம்மா உள்ள" என்றார். "தெரியுங்க" என்றேன். அவர் சண்டைக்குத் தயாராக இருந்தார் போல, நான் தெரியுங்க என்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றைச் சரிசெய்தார். கயிற்றுக்கு அப்பால் இருநூறு மீட்டர் தூரத்தில் காற்று ஊதி நிறுத்தின வளைவு தெரிந்தது, அதன் அடியில் கோடு. அந்தக் கொஞ்சம். நான் கம்பிவேலியின் வெளிப்பக்கமாகத் திரும்பினேன். மணலும் நெருஞ்சியும், நிறுத்தி வைத்த கார்கள், ஒரு காரின் நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து வழிவிட்டது. வேலியை ஒட்டியே ஓடினேன், வளைவுக்கு நேராக வெளியே ஒரு மின்கம்பம் இருந்தது, அதைத் தொட்டேன். சூடாக இருந்தது. தொட்டுக்கொண்டே நின்றேன், நெற்றியையும் அதில் வைத்துக்கொண்டேன், சூடு என்று தெரிந்தும்.

பியூலா என்னைத் தேடி வாசலுக்கு வந்திருந்தாள். நாங்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, இரண்டு பேருக்கும் அதற்குச் சக்தி இல்லை, அவள் என் தோளைப் பிடித்தாள், நான் அவள் முழங்கையைப் பிடித்தேன், அப்படியே இறங்கி வாசல் ஓரத்துச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தோம். "எங்க முடிச்சே?" என்றாள். "கரண்டு கம்பத்துல." "சரி" என்றாள், அதுதான் எல்லோரும் முடிக்கிற இடம் என்பதுபோல. காலணியைக் கழற்றணும் என்றாள். கழற்றக் குனிந்தவள் அப்படியே என் மேல் சாய்ந்தாள், ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன், தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக. என் கெண்டைக்கால் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. நீட்டினால் சரியாகும். நீட்டினால் அவள் தலை சரியும். நீட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது இழுத்தது, இழுத்து இழுத்து ஓய்ந்தது.

காவலாளி கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக வந்தார். "அந்தம்மா கூட வந்தவங்களா நீங்க?" "ஆமாங்க." "நீங்களும் ஓடுனீங்களா?" "ஆமாங்க." அவர் என் மஞ்சள் பனியனைப் பார்த்தார், வெள்ளையாக உப்புப் பூத்த காலைப் பார்த்தார். "எவ்ளோ தூரம்?" "முழுசும்" என்றேன், அவள் எழுந்துவிடாமல் இருக்கச் சன்னமான குரலில். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. வாசலுக்குத் திரும்பிப் போய், பதிவு செய்தோருக்கு மட்டும் என்று எழுதி நிறுத்தியிருந்த பெரிய பலகையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்தார். அதன் நிழல் பியூலாவின் முகத்தில் விழுமாறு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து நிறுத்தினார். பிறகு இன்னும் ஒரு அடி நகர்த்தினார், என் மேலும் விழட்டும் என்று.